கடற்கரை வீட்டில் கைவினை: ஓலை இருக்கச் சங்கு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிக்கு நண்பர்களை அழைத்துத் தங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சமையல், சீட்டாட்டம், கடலில் கால் நனைத்தல் ஆகியவற்றோடு, எல்லாரும் கூடி உட்கார்ந்து கைவினைப் பொருள்கள் செய்வதும் இப்போது வழக்கமாகி வருகிறது என்று அதில் குறிப்பிட்டிருந்தது மகிழ்ச்சி தந்தது. ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில், பளபளக்கும் சங்குகளையும் வெண்பவளத் துண்டுகளையும் சட்டத்தைச் சுற்றி ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. அதைப் பார்த்து எத்தனை வீடுகளில் அதே போன்ற கண்ணாடி செய்யப் புறப்பட்டிருப்பார்களோ என்ற கவலையே இக்கடிதத்தை எழுத வைத்தது.

கானத்தூரில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய வீடு ஒன்று உண்டு. பழைய அலுவலக நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வந்து தங்குவதும், பகல் உணவுக்குப் பின் திண்ணையில் ஏதேனும் கைவேலையில் ஈடுபடுவதும் நெடுநாள் பழக்கம். எனவே, கடற்கரை வீட்டுக் கூட்டங்களையே குறை சொல்பவர்களின் வரிசையில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு நான்கு மணி நேரம் கையை அசைக்கும் பழக்கத்தை யார் கொண்டுவந்தாலும் அவர்களுக்கு என் நன்றி உண்டு. என் வாதமெல்லாம் அந்தக் கைகளில் எந்தப் பொருள் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது மட்டுமே.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001ஆம் ஆண்டு கடல்வாழ் உயிரினங்கள் பல சேர்க்கப்பட்டன. பாறை அமைக்கும் பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை, சுருள் ஓட்டுக்குள் வாழும் நாட்டிலஸ், ராட்சத மட்டி வகைகள், விரல் விரித்தாற்போலக் கிளைகள் நீண்டிருக்கும் சிலந்திச் சங்குகளில் சில ஆகியவை அவற்றுள் அடங்கும். புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டம்தான் இவற்றுக்கும் என்பது வரவேற்பறை அலமாரியில் பவளத் துண்டை அழகுக்கு வைத்திருக்கும் பலருக்குத் தெரியாது. சுற்றுலாத் தலங்களின் கடைகளில் எளிதாகக் கிடைத்த பொருள் என்பதால் அது சட்டப்படியானது என்று நினைத்துவிடக் கூடாது. பட்டியலில் உள்ள உயிரினத்தின் மேலோட்டை உரிய அனுமதியின்றி விற்பதும் வாங்குவதும் குற்றம்.

சட்டப் பட்டியலில் இல்லாத சங்குகளைப் பயன்படுத்தலாமே என்று கேட்கத் தோன்றும். கடைச் சரத்தில் தொங்கும் சங்கையும் கரையில் கிடக்கும் சங்கையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அலையில் உருண்டு கரையேறிய சங்கு நிறம் வெளுத்து, விளிம்பு மழுங்கி, பெரும்பாலும் எங்காவது உடைந்திருக்கும். கடையில் விற்கும் சங்கு கீறல் இல்லாமல் மின்னுவதற்குக் காரணம், பல வேளைகளில் அது உயிரோடு பிடிக்கப்பட்டு, உள்ளிருந்த சதை அகற்றப்பட்டு, அமிலத்தில் கழுவி மெருகேற்றப்பட்டதே ஆகும். அந்தப் பளபளப்பின் விலை இன்னதென்று தெரிந்த பிறகு, அதைக் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி நண்பருக்குப் பரிசளிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கரையில் பொறுக்கும் சிப்பிகளுக்கு இவ்வளவு கடுமை வேண்டாம் என்பதே என் எண்ணம். குழந்தைகள் ஒரு கைப்பிடி உடைந்த கிளிஞ்சல்களை எடுத்து விளையாடுவதால் கடல் வற்றிவிடப் போவதில்லை. சில கிளிஞ்சல்களின் மேற்புறத்தில் துரப்பணம் போட்டாற்போல வட்டமாகச் சிறு துளை ஒன்று இருக்கும். வேட்டையாடும் நத்தை வகை ஒன்று உள்ளிருந்த உயிரைத் தின்பதற்காக அரித்த துளை அது. நூல் கோக்க அதைவிட வாகான துளையைக் கம்மியராலும் போட முடியாது. அத்தகைய கிளிஞ்சல்களை மட்டும் தேடி எடுத்து மாலை கோக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் வேலை கிடைத்துவிடும், கூடவே ஒரு பாடமும் கிடைக்கும். ஆனால் முழுச் சங்குகளைக் கூடை கூடையாக அள்ளி வருவது வேறு. எங்கள் தெருவில் வாடகைக்கு விடப்படும் வீடு ஒன்றில் தங்கியவர்கள் அப்படி அள்ளி வந்து உணவு மேசைமேல் தட்டில் பரப்பிவிட்டு உறங்கப் போக, நள்ளிரவில் அவற்றில் பாதி மேசையிலிருந்து விழுந்து கூடத்துத் தரையில் டக்டக்கென்று நடக்கத் தொடங்கின. காலிச் சங்குகளில் குடியேறியிருந்த துறவி நண்டுகள் அவை. விடிந்ததும் அவர்கள் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார்கள். சோபாவுக்கு அடியில் சிக்கிச் செத்தவற்றின் நாற்றத்தைக் கழுவிப் போக்கியது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் வேலையாகப் போயிற்று.

இதற்கு மாற்று என்ன என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைந்து வாழ்கிறார்கள். தெற்கே மணப்பாட்டிலும் இத்தொழில் உண்டு. கொட்டான் என்னும் செட்டிநாட்டு ஓலைக் கூடை புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. பனை நம் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. மனை பிரிப்பதற்காக இந்தச் சாலையோரம் சாய்க்கப்பட்ட பனைகளைப் பார்த்தவர்களுக்கு அது காலம் கடந்த அறிவிப்பாகத் தோன்றியிருக்கும் என்பது வேறு செய்தி. ஓலை எடுப்பதற்கு மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. குருத்தை முற்றிலும் கழிக்காமல் அளவோடு எடுத்தால் மரம் மீண்டும் ஓலை விடும்.

எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுப்பவர் செய்யூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியம்மா. காயவைத்த குருத்தோலையை முன்னிரவே ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடச் சொல்வார், காய்ந்த ஓலை மடித்தால் ஒடிந்துவிடும் என்பதால். காலையில் ஈர்க்கை நீக்கிவிட்டு, கட்டை விரல் நகத்தால் ஓலையின் நுனியில் ஒரு கீறு கீறி, அங்கிருந்து ஒரே அகலத்தில் அடிவரை கிழித்துக்கொண்டே போவார். எங்களில் பொறியியல் படித்தவர்கள் அளவுகோலும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டும் அந்த நேர்த்தியை எட்ட முடிந்ததில்லை. சாயம் ஏற்ற வேண்டிய கீற்றுகள் கொதிக்கும் சாய நீரில் வேகும். ஏற்றாதவை தந்த நிறத்தில் அப்படியே இருக்கும். முதல் வேலையாக எல்லாருக்கும் கிலுகிலுப்பை செய்யக் கற்பிப்பார். உள்ளே நான்கு குன்றிமணியோ சிறு கூழாங்கல்லோ இட்டு மூடிவிட்டால் ஒலி எழும். ஆனால் குன்றிமணி நச்சுத்தன்மை உள்ளது என்பதால் சிறு பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் நாங்கள் கூழாங்கல்லையே இடுகிறோம். கைப்பழக்கம் வந்தவர்கள் பகல் உணவுக்குப் பின் சதுரமாக அடி போட்டுச் சிறு பெட்டி முடையத் தொடங்குவார்கள். மூலை திருப்பும் இடத்தில்தான் எல்லாருடைய பேச்சும் தானாக நின்றுவிடும். கடற்காற்றின் ஈரத்தில் ஓலை கறுத்துப் பூசணம் பிடிக்கும் என்பதால், முடித்த பெட்டியை வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

இங்கே விருந்தோம்பல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கற்றுக்கொடுக்க வருபவரைத் திண்ணை ஓரத்தில் உட்கார வைத்து, படம் எடுத்துக்கொண்டு, போகும்போது கையில் எதையாவது திணித்து அனுப்புவதை நான் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு நாள் கூலியையும் வந்துபோகும் செலவையும் முன்கூட்டியே பேசிக் கொடுத்து, மற்றவர்களோடு ஒரே பந்தியில் அமர வைத்துச் சாப்பாடு போட்டு, அவர் கொண்டுவந்த பெட்டிகளைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்வதுதான் முறை. கைவினையைப் பிழைப்புக்கான உழைப்பாக மதிப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதும் அன்று. ஈஞ்சம்பாக்கத்தில் 1966ஆம் ஆண்டு ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கலைஞர்கள், ஓவியம் விற்காத காலத்தில் மெழுகு தடவிச் சாயமிடும் பத்திக் துணி உள்ளிட்ட கைவினைகளைச் செய்து விற்றுத்தான் அங்கே காலூன்றினார்கள். கைவினை என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. கைவினைஞர்களை எங்கே தேடுவது என்று தெரியாதவர்கள், முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, தென்னிந்தியக் கலை, கைவினை அருங்காட்சியகமான தட்சிணசித்ராவில் ஒரு பகற்பொழுதைக் கழித்துவிட்டு வந்தால் வழி பிறக்கும்.

மின்னும் பொடி, தெர்மாகோல் உருண்டை, நெகிழிப் பூ ஆகியவற்றைத் தயவுசெய்து கடற்கரைக்குக் கொண்டுவராதீர்கள். காற்று அவற்றை நேரே கடலுக்குத்தான் கொண்டுசெல்லும். தூரிகை கழுவிய சாய நீரையும் மணலில் கொட்ட வேண்டாம்.

சனவரி முதல் மார்ச் வரை வீடெடுப்பவர்கள் கைவேலையைப் பகலோடு முடித்துக்கொள்வது நல்லது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமைகள் (ஆலிவ் ரிட்லி ஆமைகள்) இந்தக் கரையில் முட்டையிடும் பருவம் அது. முட்டைகள் பொரிய ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆகும் என்பதால் கோடைத் தொடக்கம் வரையிலும் குஞ்சுகள் வெளிவரும். இரவில் எது வெளிச்சமாகத் தெரிகிறதோ அதைக் கடல் என்று எண்ணி அவை ஊர்ந்து செல்லும். கடலை நோக்கிய மாடத்தில் நாம் மாட்டும் வண்ண விளக்குச் சரம் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். 1988ஆம் ஆண்டு முதல் சென்னை மாணவர் குழு ஒன்று இந்தப் பருவத்தில் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைத் தேடியெடுத்துப் பொரிப்பகத்தில் காத்து வருகிறது. கடல் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டால், அவர்களுக்கு நாம் செய்யும் உதவி அதுவே.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. பவளமும் சங்கும் ஒட்டிய பொருள்களின் படங்களை ஞாயிறு இணைப்பில் இனி வெளியிடாமல் இருப்பது ஒன்று. சட்டம் தடுத்துள்ள கடல் உயிரினங்களின் பட்டியலை, கரையோர மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்களோடும் தெளிவான படங்களோடும் ஒரு முழுப் பக்கத்தில் வெளியிடுவது மற்றொன்று. கோடை விடுமுறைக்கு முன்பே அது வெளிவந்தால், வாடகைக்கு விடப்படும் வீடுகளின் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்கப் படிகள் எடுத்துத் தரும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கானத்தூர்.