முந்தைய பெயரும் காவல் சரிபார்ப்புச் சான்றும்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.
(பெயர், முகவரி, அரசிதழ் நகல் ஆகியவை முத்திரையிட்ட தனி உறையில் வைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள்,
காவல்துறைத் தலைமை அலுவலகம்,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பொருள்: வேலைக்கான காவல் சரிபார்ப்பு – முந்தைய பெயரிலும் பதிவேடுகளைச் சோதித்தல் – அப்பெயரை வேலை தருபவரிடம் சேரும் சான்றில் அச்சிடாதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒரு திருநங்கை. வணிகவியலில் பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் வேலை பார்த்து வருகிறேன். என் பெயர் மாற்றம் முறைப்படி தமிழ்நாடு அரசிதழில் வெளியாகியுள்ளது. ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் இன்று எனக்கு ஒரே பெயர்தான். என் மீது எந்தக் காவல் நிலையத்திலும் எந்த வழக்கும் கிடையாது.

கடந்த ஆண்டு வேறு ஊரில் உள்ள ஒரு தனியார் நிறுவனம் என்னை நேர்காணலில் தேர்வு செய்து, பணியில் சேருமுன் காவல் சரிபார்ப்புச் சான்று கொண்டுவரும்படி கேட்டது. இணையவழியில் விண்ணப்பித்தேன். விசாரணைக்கு அழைத்தபோது அரசிதழ் நகலை நானே எடுத்துக் கொடுத்தேன். என் பழைய பெயரைக் காவல்துறையிடம் மறைக்கும் எண்ணம் எனக்கு அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. அடுத்த நாள் மாலை விசாரணைக்கு வந்த காவலர், நான் குடியிருக்கும் தெருவில் மூன்று வீடுகளில் அந்தப் பழைய பெயரைச் சொல்லி என்னைப் பற்றிக் கேட்டார். என் வீட்டு உரிமையாளருக்கு அன்றுதான் அந்தப் பெயர் தெரிய வந்தது. காவலர் தமக்கு இடப்பட்ட வேலையைத்தான் செய்தார். எப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

பிறகு சான்று வந்தது. அதில் என் பெயருக்கும் பழைய பெயருக்கும் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரே ஓர் எழுத்து, 'எ', அச்சிடப்பட்டிருந்தது. 'என்கிற' என்பதன் சுருக்கமான அந்த எழுத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் முதல் தகவல் அறிக்கைகளிலும், கைது செய்யப்பட்டவர்களின் பட்டப்பெயர்களைத் தரும் நாளிதழ்ச் செய்திகளிலும் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். நிறுவனத்தின் பணியாளர் பிரிவு அலுவலர் பேனா முனையை அந்த எழுத்தின் மேல் வைத்து, "இது யார்?" என்று கேட்டார். குற்றப் பதிவு எதுவும் இல்லை என்ற வரி அதற்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது. நான் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள்.

ஐயா, பழைய பெயரைச் சோதிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு பழைய வழக்கிலிருந்து ஒருவர் தப்பிக்க இடம் தரக்கூடாது என்பதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை; குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் இடங்களில் வேலைக்கு வருவோர் விஷயத்தில் அது இன்னும் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். நான் கேட்பது, சோதனை காவல்துறைக்குள் நடக்கட்டும், அதன் முடிவு மட்டும் வெளியே போகட்டும் என்பதே. வேலை தருபவர் அறிய வேண்டியது, தம்மிடம் வேலைக்கு வரும் இந்த நபர் மீது வழக்கோ தண்டனையோ உண்டா என்பதுதான். பிறந்தபோது அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது அந்தக் கேள்வியில் அடங்காது.

இன்றைய நடைமுறை இன்னொரு வகையிலும் குறைபாடுடையது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நம் ஊரில் பெயர் மாறுவது திருநங்கையருக்கு மட்டும் நேர்வதன்று. திருமணத்துக்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்தை விட்டுக் கணவரின் தலைப்பெழுத்தைப் போட்டுக்கொள்ளும் பெண்கள், மணமுறிவுக்குப் பின் மீண்டும் தந்தையின் எழுத்துக்கே திரும்புகிறவர்கள், எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர்கள், மதம் மாறியவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். விண்ணப்பதாரர் தாமாகச் சொன்னால்தான் பழைய பெயர் தெரியும், சொன்னால் அது சான்றில் அச்சாகும் என்ற நிலை இருக்கும்வரை, அஞ்சுகிறவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அடிக்கும் கணவனிடமிருந்து விலகி வேறு ஊரில் புதுப் பெயரோடு வாழும் ஒரு பெண் அதைச் சொல்லத் துணிவாரா? இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இருந்தால் உண்மை தானே வந்து சேரும், பதிவேடுகளில் தேடுவதும் முழுமையாகும்.

இதற்குச் சட்டத்தில் போதிய அடிப்படை உண்டு. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பில் ஏற்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. வேலைவாய்ப்பில் எங்களிடம் பாகுபாடு காட்டுவதை 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பிரிட்டனில் வேலைக்கான குற்றப் பதிவுச் சோதனையைச் செய்யும் அரசு அமைப்பு, திருநர் விண்ணப்பதாரர்கள் தம் முந்தைய பெயரை வேலை தருபவர் காணும் படிவத்தில் எழுதாமல் அந்த அமைப்புக்கே நேரடியாகத் தெரிவிக்க ஒரு தனி வழியை வைத்திருக்கிறது. அங்கும் பழைய பெயரில் சோதனை நடக்கவே செய்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாக 2008-ல் எங்களுக்கென நலவாரியம் அமைத்ததும், 2017-ல் திருநங்கையான பிரித்திகா யாஷினி அவர்களைக் காவல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்த்துக்கொண்டதும் தமிழ்நாடுதான். ஆகவே இது இங்கே செய்ய முடியாத காரியம் என்று நான் நினைக்கவில்லை.

எனவே, முந்தைய பெயரையும் அதற்கான அரசிதழ் அல்லது மாவட்ட ஆட்சியர் வழங்கிய அடையாளச் சான்றையும் காவல்துறை மட்டுமே பார்க்கும் வகையில் தனியாகப் பதிவேற்ற இணையவழி விண்ணப்பத்தில் வசதி செய்து தருமாறும், இரு பெயர்களிலும் தேடிய பின் வழங்கப்படும் சான்றில் நடப்புப் பெயரை மட்டும் குறிப்பிட ஆணையிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். பழைய பெயரில் உண்மையிலேயே வழக்கு இருக்குமானால், அதை வேலை தருபவருக்குத் தெரிவிக்கும் முன் விண்ணப்பதாரரை அழைத்து அந்தப் பதிவு அவருடையதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே பெயர் கொண்டவர்கள் நூறு பேர் இருக்கும் மாநிலத்தில் இது மிகவும் அவசியம். நேரில் விசாரிக்க வரும் காவலர்கள் அக்கம்பக்கத்தில் நடப்புப் பெயரைச் சொல்லியே விசாரிக்க வேண்டும் என்று எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அதற்கு அரசுக்குச் செலவு எதுவும் இல்லை.

தற்போது மற்றொரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்துள்ளது. அதற்கான சரிபார்ப்பு விண்ணப்பத்தை இந்த வாரம் அளித்துள்ளேன். அதன் எண் முத்திரையிட்ட உறைக்குள் இருக்கிறது. பொது ஆணை பிறப்பிக்கக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை, என் இரு பெயர்களிலும் பதிவேடுகளைச் சோதித்து, இந்த ஒரு சான்றையாவது என் பெயரில் மட்டும் வழங்கும்படி உரிய அலுவலருக்கு அறிவுறுத்துமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்