மாப்ள, அந்த 14 செகண்ட் பத்தி

மாப்ள,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வச்சிருக்க, வீட்டுக்கு வரலாம்னா காலு நகர மாட்டேங்குது, அதான் இங்க எழுதறேன். நீ படிக்கறதுக்கு முன்னாடியே நம்ம பசங்க நாலு பேரு இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சுத்தி விட்ருவானுங்கன்னு தெரியும். அதனால சில இடத்துல பேர் போட மாட்டேன், நீயே போட்டுக்க.

உங்கம்மா போனது பிளக்ஸ் பாத்துதான் தெரிஞ்சுது. அந்தியூர் பிரிவுல பஸ் நின்னப்ப ஜன்னல்ல இருந்து பாத்தேன். போட்டோவுல கழுத்து வரைக்கும்தான் இருந்துச்சு, நான் என்னமோ கையைத் தேடினேன், ரெட்டை இலை பச்சை குத்துன அந்தக் கையை. காரியம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆயிருச்சாம். ஒருத்தனும் சொல்லல. எப்படி சொல்லுவானுங்க, நான் பண்ணி வச்ச வேலை அப்படி.

2021 மார்ச் கடைசி. ஆயிரம் விளக்குல ஆ.ராசா எடப்பாடியாரைப் பத்தி பிறப்பை வச்சு ஒரு உவமை சொன்னாரு, அதுக்கு எடப்பாடியார் திருவொற்றியூர் பிரச்சாரத்துல தன்னைப் பெத்த அம்மாவை நினைச்சு கண் கலங்குனாரு, அந்தம்மா போயி அப்ப ஆறு மாசங்கூட ஆகல. எங்க தலைவர் ஸ்டாலினே கண்ணியமா பேசுங்கன்னு அறிக்கை விட்டாச்சு, ராசாவும் மன்னிப்பு கேட்டாச்சு, தேர்தல் கமிஷன் 48 மணி நேரம் பிரச்சாரம் பண்ணக்கூடாதுன்னு தடையும் போட்டுச்சு. அவரு வாயைக் கட்ட கமிஷன் இருந்துச்சு, என் போனைக் கட்ட ஆளில்ல. அழுத மூஞ்சிய மட்டும் கட் பண்ணி, மேல நாலு வரி எழுதி, நம்ம ஸ்கூல் குரூப்ல போட்டேன். அந்த நாலு வரிய நான் எழுதலடா, வந்ததைத்தான் அனுப்பினேன். யாரு அனுப்புனாங்கன்னு இங்க சொல்ல முடியாது. அதுல ஜாதியும் இருந்துச்சு, அதைப் பத்தியும் இங்க பேச முடியாது. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சேன். படிச்சு சிரிச்சேன்.

கொஞ்ச நேரத்துல உன் நம்பர்ல இருந்து வாய்ஸ் மெசேஜ் வருது, 14 செகண்ட். கெட்ட வார்த்தைதான் வரப்போகுதுன்னு ஸ்பீக்கர்ல போட்டேன், டீக்கடையில கூட மூணு பேரு இருந்தாங்க. வந்தது உங்கம்மா குரல். "ஏஞ் சாமி, அந்தப் பெரியம்மா மண்ணு இன்னும் காயலையேப்பா, அவங்களை எதுக்கு இழுக்கற, உன்ற அம்மா கேட்டா என்ன சொல்லும்"னு அவ்ளோதான். பின்னாடி குக்கர் விசில் ஒண்ணு. டீக்கடையில சிரிச்சாங்க, குரூப்ல ஒருத்தன் "அம்மாவையே ஐடி விங்ல சேத்துட்டியா"ன்னு போட்டான், நானும் ஒரு ஸ்டிக்கர் போட்டேன். என்ன ஸ்டிக்கர்னு உனக்கு ஞாபகம் இருக்கும். அஞ்சு நிமிஷத்துல நீ குரூப்ப விட்டு போயிட்ட.

உங்கம்மா கட்சி விஷயத்துல என்னைய மாதிரியே வெறிதான, ஆனா ஒரு நாள் என்னை மனசு நோக பேசினதில்ல. நான் வாசல்ல செருப்பு கழட்டறப்பவே "சூரியன் வந்துருச்சு, வத்தலை எடுத்துக் காயப்போடுங்க"ன்னு உள்ள குரல் கொடுக்கும். சந்தகை புழிஞ்சு வச்சிட்டு, "இலையில போட்டாத்தான் உங்க தலைவரும் சாப்பிடணும்"னு வாழையிலைய தட்டிக் காட்டும். எதிர்க்கட்சிக்காரனை இதைவிட அழகா யாரும் கிண்டல் பண்ணி நான் பாத்ததில்ல.

சரி, நீயும் ஒண்ணு கேளு. கூவத்தூர் சமயத்துல எடப்பாடியார் சசிகலா முன்னாடி தவழ்ந்த படத்தை நூறு தடவ போட்டிருக்கேன், அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன், அது அரசியல். சொந்த வாழ்க்கைய இழுக்கக்கூடாதுன்னுதான் நடத்தை விதி சொல்லுது, பதவிக்காக என்ன பண்ணாங்கன்னு பேசக்கூடாதுன்னு சொல்லல. அப்புறம் நீ என்ன புத்தனா? 2018 ஆகஸ்ட் 7, கலைஞர் போன ராத்திரி. மெரினாவுல இடமில்லன்னு உங்க அரசு சொல்லி, ஐகோர்ட்டுல ராத்திரியே கேஸ் நடந்து, மறுநாள் தீர்ப்பு வர்ற வரைக்கும் எங்கப்பா தறிக்குழியில கூட இறங்கல, டிவி முன்னாடி அப்படியே தரையில உக்காந்திருந்தாரு. அன்னைக்கு உன் ஸ்டேட்டஸ்ல கட்டுமரம்னு ஆரம்பிச்சு என்ன எழுதியிருந்தன்னு எங்கப்பாவே என் போன்ல பாத்தாரு. "இவன் நம்ம வீட்டுல சாப்பிட்ட பையன் தான?"ன்னு கேட்டாரு. நான் உன்னை விட்டுக்கொடுக்கல, ஏதோ ஃபார்வேர்டு மெசேஜ்ப்பான்னு சொன்னேன். அதே வார்த்தைய நீ உங்கம்மாகிட்ட எனக்காக சொன்னியாடா? குரூப்ப விட்டு மட்டும் போன. நல்லவன் பட்டம் உனக்கு, வில்லன் வேஷம் எனக்கு.

இதை எழுதிட்டு அழிச்சேன், மறுபடி எழுதினேன். இருக்கட்டும். ஆனா நீ எழுதுனது எங்கப்பா காதுக்கு தற்செயலா போச்சு, நான் அனுப்புனதுக்கு அம்மா பேசியே கேட்டாங்க, அதுக்கப்புறமும் ஸ்டிக்கர் போட்டேன். ரெண்டும் ஒண்ணு இல்லன்னு எனக்கு தெரியும். தெரிஞ்சும் இழுத்துப் பாக்கறேன்.

மே 2 ரிசல்ட் அன்னைக்கு உனக்கு ஒரு போன் போட்டேன் தெரியுமா? எங்க கூட்டணி 159, ஆனா பவானி உங்ககிட்டயேதான் நின்னுச்சு. அதை வச்சு நீ என்னை ஓட்டுவ, நான் உன்னை ஓட்டுவேன், அப்படியே பேச்சு வந்துரும்னு ஒரு நப்பாசை. ரிங்கே போகல.

இப்ப குரூப்ல மறுபடி ஆரம்பிச்சாச்சு. புதுசா ஒரு கட்சிக்கொடி, அதே வசவு, யாரை திட்டுனாலும் கடைசியில அவன் அம்மாகிட்டயோ பொண்டாட்டிகிட்டயோதான் போய் நிக்குது. எனக்கு வார்டு அளவுல ஒரு பொறுப்பு தர்றேன்னாங்க, ஆன்லைன் வேலைதான். போன வாரம் வேண்டாம்னுட்டேன். நல்லவனாயிட்டேன்னு நினைச்சுக்காத, ஓட்டு எங்க சின்னத்துக்குத்தான், பூத்துல உக்காரச் சொன்னா உக்காருவேன். இது மட்டும் முடியல.

இப்ப நான் எழுத வந்த விஷயம். நீ குரூப்ப விட்டதும் சாட்டை எல்லாம் அழிச்சிருப்ப, உன் பழைய போனும் கூடுதுறை படித்துறையில தண்ணிக்குள்ள போயிருச்சுன்னு தம்பி ஒருத்தன் சொன்னான். அம்மா போன் வச்சிக்கிட்டதே இல்லல்ல. அந்த 14 செகண்ட் என்கிட்ட இருக்குடா. டிஸ்பிளே உடைஞ்ச போன், சார்ஜர்ல போட்டபடியே வச்சாத்தான் ஆன் ஆகுது. நேத்து ராத்திரி போட்டுக் கேட்டேன், விசில் சத்தம் வரைக்கும் அப்படியே இருக்கு. பேச்சு பூரா எனக்கு விழுந்த திட்டுதான், உன் பேர் கூட அதுல வரல.

வேணும்னா பிளாக்கை எடு, அனுப்பறேன். அனுப்பிட்டு மறுபடி பிளாக் பண்ணிக்க.