பேட்டரியை விடு, எர்த்தைப் பார்

அன்புள்ள மலர்,

வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் நீ பாதியிலேயே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு வண்டியில் கை வை.

புது பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரி ஹெட்லைட் போட்டால் ஹாரன் கம்முகிறது, மெக்கானிக் மறுபடி பேட்டரி வாங்கச் சொல்கிறார் என்கிறாய். வாங்காதே. சார்ஜ் ஏறாத வண்டியில் எந்த பேட்டரியை மாட்டினாலும் அதே கதிதான். இந்தத் தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தாயா? புல்லட்டுக்குப் பெயிண்ட் அடித்து வந்த பிறகுதானே? எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

பேட்டரியை வெளியே முழுதாக சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பார். 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. வண்டியில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடி பார். 13.8-லிருந்து 14.4 வரை ஏற வேண்டும். 12.5-லேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், அதாவது சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் பாகம், போய்விட்டது. பேட்டரி கொதிக்கும், பல்பும் அடிக்கடி போகும். ஐட்லிங்கில் அம்மீட்டர் (பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும் மீட்டர்) முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால் பயப்படாதே, அது இந்த வண்டிக்குச் சகஜம். வேகம் கூட்டினால் நடுவைத் தாண்டி வர வேண்டும், அவ்வளவுதான்.

சிலர் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, 'வண்டி ஓடுதா, அப்ப சார்ஜ் வருது' என்பார்கள். யாரையும் அப்படிச் செய்ய விடாதே. நல்ல ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே புகைந்துவிடலாம்.

சார்ஜ் வரவில்லை என்று தெரிந்தால் எர்த்துக்கு வா, அதாவது கரண்ட் ஃபிரேம் வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் பாதைக்கு. சீட்டுக்குக் கீழே நான் மாற்றிப் போட்ட ரெகுலேட்டருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. அதன் உடம்புதான் எர்த். நீ அனுப்பிய போட்டோவில் அந்த போல்ட்டைச் சுற்றிக் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. அழகாகத்தான் அடித்திருக்கிறார்கள், ஆனால் பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகுமா? இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், இன்னொன்றை ரெகுலேட்டரின் உடம்பிலும் வை. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, ரெகுலேட்டர் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு இறுக்கு. அதன் மேல் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் துரு பிடிக்காது. பேட்டரியின் எர்த் ஒயர் ஃபிரேமில் சேரும் இடத்தையும் அப்படியே தேய்த்துவிடு.

அதிலும் சரியாகவில்லையென்றால் ஸ்டேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் காயில் கட்டு. இன்ஜினுக்கு இடது பக்கம் இருக்கும் செயின் கேஸிலிருந்து வெளியே வரும் ஒயரின் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வை. சார்ஜிங் ஒயர் இரண்டுக்கும் நடுவே மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸ் காட்ட வேண்டும். அந்த இரண்டில் எந்த ஒயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் காயிலுக்கு உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது ஒயர் எங்கோ உரசித் தோல் உரிந்திருக்கிறது. பணிமனையில் இருந்த காலத்தில் பஸ்களிலும் இதைத்தான் அதிகம் பார்த்தேன். பெரிய பாகம் போவது அபூர்வம், உரசின ஒயர்தான் தினமும் வரும். அந்த ஒயர் பின் செயினுக்குப் பக்கத்தில் போகிறதா என்று விரலால் தடவிப் பார். எண்ணெய் ஊறி விறைத்துப்போயிருந்தால் வளைக்கும்போதே வெடிக்கும்.

செயின் கேஸை மட்டும் நீயாகத் திறக்காதே. இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்ற வேண்டும், ஆயில் கொட்டும், ரப்பர் சீலைத் திரும்ப உட்கார வைப்பது பெரும்பாடு. உள்ளே சுழலும் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் எட்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு பங்கு) இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை போனால் நான் ஓசூர் வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம்.

அப்புறம், கிக்கர் மிதிக்கும் முன் டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) பிடித்து அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லிக்கொடுத்தேனே, அந்த முள்ளை வண்டி நிறுத்தும்போதும் பார். இன்ஜின் நின்ற பிறகும் சாவி போட்டிருக்கையில் முள் மைனஸில் நின்றால் பாயிண்ட் (இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) மூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் பேட்டரி இறங்கும், இக்னிஷன் காயிலும் சூடாகிக் கெடும். சாவியை மறக்காமல் எடு.

பழைய பேட்டரியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடவில்லையே? தண்ணீர் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்று. அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டில் மெதுவாக ஏற்றச் சொல். அனேகமாக அது நல்ல பேட்டரிதான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, மீட்டர் காட்டியதை அப்படியே எழுதி அனுப்பு. 'கொஞ்சம் கம்மியா இருக்குப்பா' என்றெல்லாம் சொல்லாதே, நம்பர் வேண்டும்.

அன்புடன்,
அப்பா