பேச்சு தாமதமா? காத்திருக்க வேண்டாம்

குழுவில் உள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் தனியாக எழுதிக் கேட்டீர்கள்: "இரண்டு வயது ஆகிறது, இன்னும் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?" பொறுக்க வேண்டாம். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், அதை நம்பி நான் 8 மாதங்களைத் தொலைத்தேன்.

12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பேச்சுத் தாமதம் ஆட்டிசத்தின் (பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை) அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்கான வாய்ப்பைப் பார்க்க, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் (M-CHAT) என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. அது முடிவான தீர்ப்பு அல்ல, மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று காட்டும். ஆட்டிசம் என்று உறுதியாகும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வீட்டில்? தரையில் உட்காருங்கள். என் மகன் பொம்மைக் காரைக் கவிழ்த்து, சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருப்பான். பிடுங்காமல் நானும் ஒரு காரைக் கவிழ்த்தேன். "சுற்று, சுற்று" என்றேன், பிறகு கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பத்து நாளுக்குப் பிறகு ஒரு மாலை, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பொய்ச் செய்தியை இங்கே பகிராதீர்கள். குழந்தைகளின் மருத்துவ அறிக்கைகளையும் குழுவில் போட வேண்டாம்.