அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான் மாப்ள

அன்பு மாப்ளைக்கு,

நல்லாருக்கியா, வீட்ல எல்லாரும் சுகந்தானா. இங்க ரெண்டு நாளா மழை, தெருவுல முழங்கால் தண்ணி, மத்தபடி குறையில்ல. போன்ல சொல்லலாம்னு மூணு தடவ நம்பர் வரைக்கும் போய்ட்டு வச்சுட்டேன், வாய் வரல, அதான் எழுதுறேன்.

போன மாசம் நீ கேட்டியே, உங்க பெரிய அண்ணன் பங்காளிகளுக்குத் தெரியாம வீட்டு வாசல் நிலைய வித்துட்டாருன்னு யாருடா கிளப்பிவிட்டதுன்னு. நான் தெரியலடான்னு சொன்னேன். பொய். கிளப்பிவிட்டது நான்தான்.

நடந்தது இதுதான். முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழைய சாமான் கடை வாசல்ல வேன்லேருந்து ஒரு நிலைய இறக்கிக்கிட்டு இருந்தானுங்க, பார்த்ததுமே தெரிஞ்சுருச்சு, உங்க வளவு வீட்டு ரெண்டாம் கட்டு வாசல் நிலை, சின்ன வயசுல நாம ஓடிப் பிடிச்சு விளையாடுறப்ப என் நெத்தி போய் இடிச்சதே அதே தான், மேல செதுக்கியிருக்குற லட்சுமி மூக்கு அப்பவே உடைஞ்சது. கீழ பொட்டு வச்ச மஞ்சளும் குங்குமமும் அப்படியே ஒட்டியிருந்துச்சு. அதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டுச்சுன்னு சொன்னா அது பாதி தான் உண்மை. மீதிப் பாதி, பர்மா தேக்கு, இந்த அளவு, இது எவ்வளவுக்குப் போகும்னு கணக்குப் போட்டுக்கிட்டு நின்னேன். சாயந்திரம் அஞ்சு விளக்குப் பக்கம் டீ குடிக்கிறப்ப நாலு பேர்ட்ட சொல்லியாச்சு, இருபது லட்சமாச்சும் இருக்கும்ல, பங்காளிகளுக்குத் தெரியுமோ என்னமோன்னு. "என்னமோ"ன்னு ஒரு வார்த்தை போதும் மாப்ள நம்ம ஊருக்கு.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயான்ல, பிரசங்கத்துல தான், ஹஜ்ரத் குர்ஆன்ல உள்ள ஹுமஸா சூராவ எடுத்தாரு. 104-வது அத்தியாயம், மொத்தம் 9 ஆயத்து (வசனம்) தான், சின்னப் பிள்ளைல ஓதப் போனப்பவே மனப்பாடம், தொழுகைல எத்தனையோ தடவ ஓதியிருக்கேன், அர்த்தத்துல மனசு நின்னதில்ல. குத்திப் பேசுறவன், புறம் பேசுறவன் எல்லாத்துக்கும் கேடுதான்னு ஆரம்பிக்கும், அடுத்த ஆயத்துலயே அவன் யாருன்னு சொல்லும் பாரு, காசைச் சேர்த்து எண்ணி எண்ணி வச்சவன்னு. நாக்குக் குத்தத்தையும் காசு ஆசையையும் ஆண்டவன் ஏன் ஒரே ஆளுகிட்ட வச்சான்னு அன்னைக்குத் தான் உறைச்சுச்சு. என்கிட்ட எண்ண என்ன இருக்கு, ரமலான் வந்தா வீட்டம்மா நகை 11 பவுனைத் தாண்டுதா, ஏழைகளுக்கான ஜகாத் 40-க்கு 1 கொடுக்கணுமான்னு பார்க்குற அளவு தான். ஆனா அடுத்தவன் காசை எண்ணிக்கிட்டு இருந்தேனே, அதுவும் வாயாலயே எண்ணினேன், நாலு பேர் கேட்க.

மூணாவது ஆயத்து, தன் பணம் தன்னை என்னைக்கும் இருக்க வைக்கும்னு நினைக்கிறான்ங்கிறது. இதைக் கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்குற செட்டியார் வீட்டுத் திண்ணைல உட்கார்ந்து ஓதிப் பாக்கணும். 1942-ல ஜப்பான்காரன் வந்து பர்மாவே கைய விட்டுப் போனப்ப, அங்க ஏவாரம் பண்ணின உங்க ஐயாமாருக்கு இது யாரும் ஓதிக் காட்டாமலே புரிஞ்சிருக்கும். காசு தப்புன்னு எங்க மார்க்கமும் சொல்லல, ஏவாரம் ஹலால் தான், உங்க ஆளுங்க தர்மத்துக்கு எடுத்து வைக்கிற மகமை மாதிரி எங்களுக்கும் அதுல ஒரு பங்கு எடுத்து வைக்கிற கணக்கு இருக்கு. மனசு அதுலயே கிடக்குறது தான் சிக்கல்.

உள்ளதைத் தானே சொன்னேன்னு முதல்ல சமாதானம் சொல்லிக்கிட்டேன். அதுக்கும் ஹதீஸ் இருக்குடா, நபி (ஸல்) சொன்னதைத் தொகுத்த முஸ்லிம்ங்கிற கிதாபுல. உன் சகோதரன் விரும்பாததை அவனைப் பத்திப் பேசுறது தான் புறம்னு நபி (ஸல்) சொன்னாங்க, அது அவன்கிட்ட உள்ளது தானேன்னு கேட்டதுக்கு, இருந்தா தான் புறம், இல்லேன்னா அது அவதூறுன்னாங்க. என்னது ரெண்டாவது ரகம். அண்ணனையே நேர்ல போய்ப் பார்த்தேன். மேல ஓடு இறங்கி, கரையான் வச்சு, எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டுத் தான் நிலைய எடுத்துருக்காங்க, வந்த காசு பூரா கூரைக்கே போயிருக்கு. நாந்தான் அண்ணே சொன்னேன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "காபி குடிக்கிறியா"ன்னாரு. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சு.

அடுத்தவனுக்கு அநியாயம் பண்ணியிருந்தா, தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வர்றதுக்குள்ள அவன்கிட்ட கேட்டு நேர் பண்ணிக்கன்னு இன்னொரு ஹதீஸ். அன்னைக்கு நம்ம நன்மையத் தான் எடுத்துக் கொடுக்கணுமாம், அது தீர்ந்துட்டா அவன் பாவம் நம்ம பேர்ல ஏறுமாம். வரவு பற்றுன்னு ஐந்தொகைக் கணக்குப் போட்டு வளர்ந்த ஆளு, உனக்கு நான் இதை விளக்க வேணாம். உன்கிட்ட நான் ரெண்டு பற்று வச்சிருக்கேன், அண்ணனைப் பேசினது ஒண்ணு, உன்கிட்ட பொய் சொன்னது ஒண்ணு. ரெண்டையும் பொறுத்துக்க.

நேத்து அதே டீக்கடைக்குப் போய் அதே நாலு பேர்ட்ட நான் சொன்னது தப்புப்பா, விஷயம் இப்படின்னு சொல்லிட்டேன். கேட்டுட்டு ஒருத்தன், "சரி, அப்ப உண்மையிலேயே எவ்வளவுக்குப் போச்சு?"ன்னான். தொகை நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு மாப்ள. மிச்ச டீய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

படிச்சுட்டு போன் பண்ணு, திட்றதுன்னா ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பண்ணு, கடைல ஆள் இருக்க மாட்டாங்க.

உன் மச்சான்,
காரைக்குடி