கணித வட்டத்தின் ஆண்டறிக்கை: ஓர் எண்ணோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஞாயிறு தோறும் கூடும் எமது கணித வட்டத்துக்கு இன்னொரு வருடம் முடிகிறது. வரவு சுமார், மழை நாட்களில் அதைவிடச் சுமார். சந்தாக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

வருடத்தின் பெரும்பகுதியை விழுங்கியது ஒரே எண்: 147573952589676412927. 2இன் 67ஆம் வலுவில் ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல், இதே வடிவில் வரும் முதன்மை எண்களுக்கு (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்களுக்கு) வெளியிட்ட பட்டியலில் இதையும் சேர்த்திருந்தார். அது பிழை என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார். ஆனால் காரணி ஒன்றையும் அவர் காட்டவில்லை.

இந்த இடத்தில்தான் மூன்று ஞாயிறுகள் போயின. "தம்பி, காரணி தெரியாமல் முதன்மை எண் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் விடாப்பிடியாக நின்றார். "மாஸ்டர், தேங்காயைத் தட்டிப் பாத்தே அழுகலெண்டு சொல்லுறேல்லையோ?" என்றார் ஓர் அக்கா. விடயம் அவ்வளவுதான். முதன்மை எண்ணென்றால் தவறாமல் தேறவேண்டிய ஒரு சோதனை இருக்கிறது, இது தேறவில்லை. உடைத்துப் பார்க்காமலே முடிவு தெரிந்துவிட்டது.

உடைத்துக் காட்டியவர் பிராங் நெல்சன் கோல். 1903 அக்டோபரில், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில், வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் அமர்ந்தார் என்பது கதை. 193707721 × 761838257287.

சரி, நாங்களும் செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். கல்குலேற்றர் கூடாது, பேசவும் கூடாது. இரண்டாவது நிபந்தனை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. சிறிய எண்ணில் ஏழு மூன்று தடவை வருவதால் 5332867801009 என்ற வரியை ஒருமுறை கண்டுபிடித்தால் போதும், மற்ற இரண்டையும் நகர்த்தி எழுதலாம். பூச்சியத்தை விட்டால் மொத்தம் எட்டு வரிகள். கூட்டி முடித்தபோது விடை அச்சாகச் சரி என்றே எல்லோரும் நினைத்தோம். தரம் ஒன்பதில் படிக்கும் பிள்ளை மட்டும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து 108 என்றாள். ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியே அதன் இலக்கக் கூட்டுத்தொகையை வகுத்தாலும் வரும்; 108க்கு மீதி பூச்சியம். காரணிகள் இரண்டையும் ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே விடைக்கும் மீதி ஒன்றுதான் வரவேண்டும், பூச்சியம் வரக்கூடாது. தேடியதில், கையில் கொண்டுபோன ஒன்றை நான்தான் மறந்திருந்தேன். திருத்தியதும் கூட்டுத்தொகை 109. இப்பிழை அறிக்கையில் இடம்பெற வேண்டுமென்று ஆசிரியர் வற்புறுத்தியதால் இடம்பெறுகிறது.

அடுத்த வருடத்துக்கு, மெர்சென் தன் பட்டியலில் தவறவிட்ட 2305843009213693951 என்ற எண்ணை எங்கள் ஆசிரியரே முன்மொழிந்துள்ளார். 2இன் 61ஆம் வலுவில் ஒன்று குறைவு. அது உண்மையிலேயே முதன்மை எண், உடைக்க ஒன்றுமில்லை என்று சொல்லியும் பார்த்தேன். வழிமொழிய ஒருவர் தேவை. வெண்பலகைப் பேனைகளும் தேவை; இருந்த இரண்டும் எட்டாவது வரியோடு காய்ந்துவிட்டன.

செயலாளர்