மஞ்சுவுக்கு, ஊரிலிருந்து

மஞ்சு,

திட்டாதே. ஊருக்கு வந்தும் கூப்பிடவில்லை, உண்மைதான். போனில் சொன்னால் நடுவில் நீ சிரித்துவிடுவாய், அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உன் பரீட்சை நன்றாகத்தான் போயிருக்கும், நீயும் வழக்கம்போல 'அரியர்தான்' என்று அழுதிருப்பாய். அம்மிச்சிக்கு முட்டி வலி தேவலை. எருமை கன்று போட்டிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி வருஷம் இல்லையா, களப்பணி செய்து சின்னதாக ஓர் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். டெல்லியில் மானிடவியல் படிக்கிறேன் என்றால் பெரியப்பா இன்னும், "கொடுமணல்ல தோண்டறாங்களே, அதுவா கண்ணு?" என்கிறார். உயிரோடு இருக்கிற மனிதர்களைப் பற்றிய படிப்பு என்றேன். "அதுக்கு எதுக்கு டெல்லி? நம்மூரு டீக்கடைல உக்காந்தாப் பத்தாதா?" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. உறவுமுறை பாடத்தில் நான்தானே ராணி! அத்தை மகன் முறைமாப்பிள்ளை, சித்தப்பா மகன் அண்ணன் என்பதை வடக்கத்திப் பிள்ளைகள் முக்கோணமும் வட்டமும் போட்டு மனப்பாடம் செய்தார்கள். நம் முறைப் பெயர்கள் அமெரிக்கப் பழங்குடிகளுடையதோடு ஒத்துப்போகிறதே என்று மார்கன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1871-லேயே அட்டவணை போட்டு அசந்திருக்கிறார். அம்மிச்சியிடம் சொன்னேன். குலம் விசாரிக்காமல் விடுவாளா? "அவுங்க எந்தக் கூட்டமாமா?" என்று கேட்டாள்.

இந்த தைரியத்தில்தான் நம்மூரையே எடுத்துக்கொண்டேன். 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற வெள்ளைக்கார அம்மா காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார். பொன்னர்-சங்கர் பற்றிய நம் அண்ணன்மார் கதையைப் பாடச் சொல்லி டேப்பில் பதிவு செய்தவரும் அவர்தான். 1972-ல் வந்த புத்தகத்தில் யார் கையால் யார் சாப்பிடுவார்கள், விருந்தில் யாருக்கு எந்த இடம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். எங்கிருந்தோ வந்தவருக்கே இவ்வளவு சொன்னார்கள், எனக்குச் சொல்ல மாட்டார்களா என்று நினைத்தேன். சொல்லவில்லை மஞ்சு. நம் ஆட்களிடம் கேட்டால், "இதெல்லாம் உனக்குத் தெரியாதா?" என்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டதற்கு ஒரு தாத்தா, "எந்தக் காட்டுக்கு?" என்று பேனாவை மூடிவிட்டார்.

காலனியில் வேறு கதை. நம்ம கோல்கீப்பர் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாவதில் என்னை 'மொட்டை' என்று ஊரே கேட்கக் கத்துவானே, அவன் வாசலுக்கு வந்து, "வாங்க அம்மணி" என்றான். எங்கள் காட்டில் களை எடுக்க வருகிற அவன் அம்மா எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டார். எதைக் கேட்டாலும், "ஒரு கொறையும் இல்லீங்" என்ற ஒரே பதில். கொஞ்ச நேரத்தில் தம்பி கடைக்கு ஓடிப்போய் கலர் வாங்கி வந்தான், மூடி திறக்காமல், புது ஸ்ட்ராவோடு. தண்ணீர் போதும் என்றேன். அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு டம்ளரைத் தேடி எடுத்து, இரண்டு தடவை கழுவி, கொடுத்தார். குடித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. எங்கே போனாய், யாரோடு போனாய் என்று எதுவும் இல்லை. "அங்க என்ன குடிச்சே?" என்று மட்டும்தான் அம்மா கேட்டாள்.

அறிக்கையில் இதற்குத்தான் நல்ல மார்க் வரும், அதுதான் பயமாக இருக்கிறது. மேடம் கட்டாயம் எழுதச் சொல்வார். எம்.என். சீனிவாஸ் என்ற மானிடவியலாளர் 1948-ல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கியவர். ஊரை மேல்சாதிக் கண்ணால்தான் பார்த்தேன் என்று பின்னால் அவரே எழுதினார். நானும் அப்படி ஒரு பத்தி எழுதிவிட்டு நேர்மையானவள் என்று பெயர் வாங்கிவிடலாம். டெல்லியில் கை தட்டுவார்கள். இங்கே பெயரை மாற்றி எழுதினாலும் எந்த வீடு, யார் டம்ளர் என்று ஊருக்கே தெரியும். ஜூன் மாதம் நான் டெல்லியில் இருப்பேன், அந்த அம்மா எங்கள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார். யாராவது வாய்க்கு வந்ததைச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது அவர்தான். அப்பா காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. அவர் பேசாமல் இருப்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

வேறு ஊருக்குப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். சென்னிமலைப் பக்கம் போனாலும் முதல் கேள்வி, "நீங்க எந்தூரு, யாரு வூட்டுப் புள்ள?" என்பதுதானே? மூன்றாவது கேள்விக்குள் கூட்டத்தையே கண்டுபிடித்துவிடுவார்கள். நம் பெரியப்பாமார்களை விடவா மானிடவியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்!

உன்னால் ஓர் உதவி. திருப்பூரில் உன் கம்பெனிப் பக்கம்தானே கோல்கீப்பர் வேலைக்கு வருகிறான், உன்னோடு சகஜமாகப் பேசுவான் என்று தெரியும். அந்தத் தண்ணீர் விஷயத்தை நான் எழுதினால் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் பரவாயில்லையா என்று கேள். நான் கேட்டால் "எழுதுங்க அம்மணி" என்றுதான் சொல்வான், அது பதிலே இல்லை. உன்னிடம் திட்டினான் என்றால் திட்டினதை அப்படியே எழுது, சர்க்கரை தடவாதே. மாசக் கடைசியில் மேடத்துக்கு முதல் வரைவு அனுப்ப வேண்டும், அதற்குள் பதில் போடு.

உன்,
மொட்டை